நெல் அறுப்பு வண்டியில் ஹெல்பராகச் சேர்பவருக்கு

மதுரை மாவட்டத்தில் சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் நெல் அறுப்பு இன்றைக்குப் பெரும்பாலும் வண்டியில்தான் நடக்கிறது. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு ஹெல்பர். சீசன் சூடாக இருந்தால் மாற்று டிரைவர் ஒருவர். வயல் பிடித்துக் கொடுக்க அந்தந்த ஊரில் ஒரு புரோக்கர். நெல்லை வாங்கிக்கொண்டு போக டிராக்டர் டிரெய்லர். வண்டிக்காரர்களில் பலர் சேலம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருபவர்கள். உள்ளூர்ப் பையன்கள் ஹெல்பராகச் சேர்ந்து ரெண்டு மூணு சீசனில் டிரைவராவது வழக்கம். இந்தக் கட்டுரை அப்படிச் சேரப் போகிறவர்களுக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. வண்டி ஓட்டுவது டிரைவர். ஆனால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஹெல்பர் காலையில் பத்து மணிக்கு முன் செய்யும் வேலை.

சீசன் எப்போது

அறுப்பு நாளைத் தெரிந்துகொள்ளத் தண்ணீர் திறந்த நாளைக் கேட்டால் போதும். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பகுதி, 45,041 ஏக்கர். இங்கே வைகை அணையில் ஜூன் வாக்கில் தண்ணீர் திறந்தால் அக்டோபர், நவம்பரில் முதல் போக அறுப்பு விழும். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கமும், திருமங்கலம் கால்வாயிலும் ஒருபோகம்; அங்கே அறுப்பு பெரும்பாலும் தை, மாசியில். ஆடுதுறை 45, கோ 51 மாதிரி 110 நாளையொட்டிய ரகம் என்றால், உழவு, நாற்று, நடவு தாமதம் எல்லாம் சேர்த்துத் தண்ணீர் திறந்ததிலிருந்து 125 முதல் 140 நாள் கணக்குப் போடுங்கள். நீண்ட நாள் ரகமான பி.பி.டி. போட்ட வயல் இன்னும் ஒரு மாதம் போகும். கண்மாய்ப் பாசன ஊர்களில் இந்தக் கணக்கு நிற்காது. மழை வந்து கண்மாய் எப்போது பெருகியதோ அதுதான் கணக்கு.

இதில் ஹெல்பருக்கு என்ன? ஐப்பசி அறுப்பு வடகிழக்குப் பருவமழைக்குள் மாட்டும். வயல் சேறாக இருக்கும், பயிர் சாய்ந்திருக்கும், டயர் வண்டி இறங்காது. டயருக்குப் பதில் டிராக் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டிக்குத்தான் வேலை. அந்தச் சீசனில் மணிக்கணக்கு கூடும், உடம்பு வலியும் கூடும். மாசி அறுப்பு காய்ந்த வயலில். தொழில் கற்றுக்கொள்ள அதுவே நல்ல சமயம்.

கொண்டுபோக வேண்டியவை

முழுக்கைச் சட்டை மூன்று, கால்சட்டை மூன்று, கயிறு கட்டும் ஷூ ஒரு ஜோடி, சேற்றுக்குக் கம்பூட்ஸ். தூசிக்கு முகத்தில் கட்டத் துண்டு. அதன் இரு முனையையும் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் மூடிய வெள்ளைக் கண்ணாடி ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. கொசுவலை, டார்ச், தேங்காய் எண்ணெய், ஒரு சிறிய நோட்டு, பேனா.

லுங்கி, வேட்டி, கையில் கட்டிய கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் வண்டிப் பக்கம் கூடாது. சுற்றும் ஷாஃப்ட்டில் நூல் ஒன்று மாட்டினால் போதும், அது துணியை இழுக்கும், துணி ஆளை இழுக்கும். சாமி கயிறு என்றாலும் சீசன் முடியும்வரை கழற்றிப் பையில் வையுங்கள்.

காலை: பனி காய்வதற்குள்

விடிந்ததும் வயலில் இறங்க முடியாது. பனி ஈரத்தோடு அறுத்தால் வைக்கோல் டிரம்மில் (கதிரை அடித்து நெல்லை உதிர்க்கும் உருளை) சுற்றும், நெல் தாளிலேயே ஒட்டிக்கொண்டு பின்னால் போய்விடும். பனிக்காலத்தில் ஒன்பதரை, பத்துக்குத்தான் முதல் அறுப்பு. ஒரு கைப்பிடி தாளைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கை நனைந்தால் பொறுக்க வேண்டும். ஆறு மணியிலிருந்து அதுவரை கிடைக்கும் நேரம் முழுக்க ஹெல்பருடையது.

எஞ்சின் சூடேறுவதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில் அடுத்து. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும், எவ்வளவு அவசரமானாலும் திறக்காதீர்கள். பிறகு ஏர் ஃபில்டர். நெல் தூசியில் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே காற்றடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளே ஏறும். ரேடியேட்டர் முன் வலைக்கும் இதே முறை. அறுப்பின்போது வெப்ப முள் ஏறுகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை இந்த வலைதான் காரணம்.

அடுத்து கிரீஸ். ஒவ்வொரு வண்டியிலும் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு மூக்கு) இருக்கும் இடம் வேறு. முதல் நாளே டிரைவரோடு சுற்றிவந்து எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள். மூடியின் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டைத்தான் புதியவர்கள் விடுவார்கள், பேரிங் உடைவதும் அங்கேதான். நிப்பிளைத் துடைத்துவிட்டு கிரீஸ் கன்னை வையுங்கள், துடைக்காவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். பழைய கிரீஸ் ஓரத்தில் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம்.

கட்டர் பாரை (முன்னால் தாளை அறுக்கும் பிளேடு வரிசை) ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஒரு பிளேடு உடைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் அறுபடாத தாள் வரிசையாக நிற்கும். ஒரு ஃபிங்கர் (பிளேடுக்குக் காப்பாக முன்னால் நீட்டியிருக்கும் முள்) வளைந்திருந்தால் பிளேடு அதில் உரசி அடுத்தடுத்து உடையும். பிளேடை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஃபிங்கரைப் பார்க்காதவர்கள். பிளேடு பத்து, ரிவெட் ஒரு பாக்கெட், 12, 13, 14, 17, 19 நம்பர் ஸ்பேனர், சுத்தியல், ஒரு செட் பெல்ட், செயின் லிங்க், பழைய டியூப் துண்டு, கட்டுக்கம்பி இவை டூல் பெட்டியில் இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் தேடும்போது அருமை தெரியும்.

பெல்ட் வண்டியானால் டிராக்கின் தொய்வு பார்க்க வேண்டும். தொய்ந்த டிராக் சேற்றில் திரும்பும்போது ரோலரை விட்டுக் கழன்றுவிடும், ஏற்ற அரை நாள் போகும். டீசல் கடைசியில், எஞ்சின் அணைந்திருக்கும்போது, வலை வைத்த புனல் வழியாக. பெல்ட் வண்டிக்கு வயலையும் வண்டியையும் பொறுத்து மணிக்கு 7 முதல் 10 லிட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு கேன் நிரப்புங்கள்.

வயலைச் சுற்றி வருதல்

வண்டி இறங்குவதற்கு முன் ஹெல்பர் ஒரு சுற்று நடக்க வேண்டும், முடிந்தால் வயல்காரரையும் கூட்டிக்கொண்டு. "ஐயா, உள்ளே கல்லு, கம்பி, பைப்பு ஏதும் இருக்கா?" என்று கேளுங்கள், இல்லை என்றாலும் நடங்கள். எல்லைக்கல் தாளுக்குள் மறைந்திருக்கும். மோட்டாரிலிருந்து போகும் பிளாஸ்டிக் குழாய் வரப்போரம் கிடக்கும். தென்னந்தோப்பை ஒட்டிய வயலில் மட்டையும் குரும்பையும். ரோட்டோர வயலில் பாட்டில்.

மதுரைப் பக்கம் இன்னொன்றும் உண்டு. மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து வயலைச் சுற்றிப் பழைய சேலை, நைலான் வலை, பளபள நாடா கட்டியிருப்பார்கள். அறுப்புக்கு முன் சேலையை அவிழ்ப்பார்கள், குச்சியில் சுற்றிய நாடாவையும் வலைத் துண்டையும் விட்டுவிடுவார்கள். அது ரீலிலும் (பயிரை உள்ளே சாய்க்கும் சுழல் சட்டம்) ஆகரிலும் (அறுத்த தாளை உள்ளே தள்ளும் திருகு) சுற்றினால் கத்தி வைத்து அறுத்தெடுக்க அரை மணி நேரம். நாலு பக்கமும் நீங்களே பார்த்து உருவி எடுங்கள். வேலிக்கம்பியில் மின்சாரம் விட்டிருப்பவர்களும் சில இடங்களில் இருக்கிறார்கள், அது சட்ட விரோதம். கம்பி வேலி தெரிந்தால் தொடாமல் வயல்காரரை முதலில் கூப்பிடுங்கள்.

மேலேயும் பாருங்கள். மோட்டார் ரூமுக்குப் போகும் சர்வீஸ் வயர் பல இடங்களில் தொங்கும். நெல் கொட்டும் குழாய் நிமிர்ந்திருக்கும்போது அதுதான் வண்டியின் உயரமான பாகம். வயர் இருக்கும் பக்கம் கொட்டக் கூடாது என்பதை டிரைவரிடம் முன்பே கைகாட்டிவிடுங்கள்.

ஈரம்: குதிகாலை ஊன்றி முழு எடையையும் போட்டுப் பாருங்கள். ஷூவின் விளிம்பு மட்டும் பதிந்தால் டயர் வண்டியே இறங்கலாம். கணுக்கால் வரை போனால் பெல்ட் வண்டியும் யோசிக்க வேண்டும். வாமடை (தண்ணீர் பாயும் வாய்) அருகிலும் கண்மாய்க் கசிவு இருக்கும் மூலையிலும்தான் புதைகுழி. அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு மேலே துணி கட்டிவிடுங்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீர் வடித்திருக்க வேண்டும். வடிக்காத வயலுக்குத் தேதி தள்ளிப்போடச் சொல்வது வயல்காரருக்கும் லாபம்தான்.

பிறகு நாலு மூலையிலும் வண்டி திரும்ப இடம் வேண்டும். மூலைக்குப் பத்தடிக்குப் பத்தடி கை அருவாளால் அறுத்து, கதிரை உள்ளே நிற்கும் பயிர்மேல் சாய்த்து வைத்தால் வண்டி போகும்போது அதையும் எடுத்துக்கொள்ளும். இந்த வேலையை வயல்காரர் செய்வாரா ஹெல்பர் செய்வாரா என்பதை புரோக்கரிடம் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள், சண்டை வருவது இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான்.

வண்டி ஓடும்போது

எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. கைச்சாடைதான். இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினால் "உடனே நிறுத்து" என்பதை மட்டுமாவது முதல் நாளே டிரைவரோடு உறுதிப்படுத்துங்கள். நிற்க வேண்டிய இடம் டிரைவரின் கண்ணுக்குத் தெரியும் பக்கவாட்டு. கட்டர் பாருக்கு முன்னால் நிற்பது, நேர் பின்னால் நடப்பது இரண்டும் கூடாது. கதிர் பொறுக்க வரும் ஆத்தாமார்கள் வண்டியை ஒட்டியே வருவார்கள், பிள்ளைகளும் கூட வரும். "ஆத்தா, வண்டி அந்தப் பக்கம் போகட்டும், அப்புறம் வாங்க" என்று சொல்லித் தள்ளி நிறுத்துவது உங்கள் வேலை.

இனி தொழிலின் உண்மையான பகுதி: பின்னால் விழுவதைப் படிப்பது. முதல் நூறடி அறுத்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று இடம் பார்க்க வேண்டும். ஒன்று, இன்னும் அறுக்காத பயிருக்கு அடியில். அங்கே கிடப்பது தானாக உதிர்ந்த நெல், வண்டி மேல் பழியில்லை. இரண்டு, வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் கட்டர் பார் அறுத்து முடித்து, வைக்கோல் இன்னும் விழாத பட்டை ஒன்று தெரியும். அங்கே கூடுதலாகக் கிடந்தால் ரீல் அடித்து உதிர்க்கிறது. மூன்று, வைக்கோல் விழுந்த இடம். வைக்கோலை உதறிவிட்டு அடியில் பாருங்கள்.

கணக்கு இப்படி. ஆயிரம் நெல் 20 கிராம் நிற்கும் ரகத்தில், சதுர அடிக்குப் பத்து நெல் வயல் முழுக்கக் கிடந்தால் ஏக்கருக்குச் சுமார் 8.7 கிலோ. வைக்கோல் வரிசைக்குக் கீழே மட்டும் எண்ணி வயல் முழுக்கப் பெருக்கிவிடாதீர்கள், அங்கே எப்போதும் குவிந்துதான் விழும். அறுப்பு அகலம் முழுவதிலும் ஐந்தாறு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். வயல்காரர் கைநிறைய வைக்கோலை அள்ளிக்கொண்டு சண்டைக்கு வரும்போது இந்த எண்ணிக்கைதான் பேசும்.

எது தவறு என்பதையும் அந்த நெல்லே சொல்லும். வைக்கோலில் கதிர்க்கிளையோடு ஒட்டிய நெல் வந்தால் டிரம் வேகம் போதவில்லை, அல்லது டிரம் பல் தேய்ந்துவிட்டது, அல்லது பயிர் ஈரம். உதிர்ந்த முழு நெல் வைக்கோலோடு வந்தால் சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது வண்டி வேகமாகப் போய் உள்ளே சுமை கூடிவிட்டது. நல்ல நெல் தூசியோடு பறந்தால் ஃபேன் காற்று அதிகம். டேங்கில் தூசும் பதரும் கூடினால் காற்று குறைவு. டேங்கில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள் (எஞ்சினை அணைத்துவிட்டுத்தான்): தோல் உரிந்த அரிசியும் நொய்யும் தெரிந்தால் டிரம் வேகம் அதிகம். முழுக்கதிர் தரையில் கிடந்தால் கட்டர் பார் உயரம் தவறு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். மூன்றையும் ஒன்றாகத் திருகினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

சாய்ந்த பயிரில், சாய்ந்த திசைக்கு எதிராகவோ குறுக்காகவோ போய், ரீலை முன்னால் தள்ளி இறக்கி, பாதி வேகத்தில் எடுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் அறுத்து வெறும் வண்டியாகத் திரும்பி வரவேண்டியும் இருக்கும். நிமிர்ந்து காய்ந்த பயிர் ஏக்கருக்கு ஒரு மணி, ஒன்றேகால் மணி என்றால் இது இரண்டு மணியைத் தாண்டும். அறுக்கத் தொடங்கும் முன்பே வயல்காரரிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் ஏமாற்று மாதிரிதான் கேட்கும்.

தாளை எவ்வளவு அடியில் அறுப்பது என்று ஒவ்வொரு வயலிலும் பேச்சு வரும். மாடு வைத்திருப்பவர்களுக்கு வைக்கோல் நெல்லுக்கு அடுத்த காசு; ஒட்ட அறுக்கச் சொல்வார்கள். ஒட்ட அறுத்தால் உள்ளே போகும் தாள் கூடும், வண்டி மெதுவாகும், மண்ணும் கல்லும் பிளேடில் படும். ஒரு சாண் உயரம் இரு பக்கத்துக்கும் நியாயமானது.

டிரம் அடைத்தால்

அடைப்பு வருமுன் சத்தம் மாறும். டிரம்மின் ஒலி கனத்து இறங்கும், பிறகு பெல்ட் கருகும் வாடை. உடனே கையை உயர்த்துங்கள். இதற்கு ஒரே ஒழுங்குதான், மாற்றமே கிடையாது: எஞ்சினை அணை, சாவியை உருவு, சாவி கை விடப் போகிறவரின் பாக்கெட்டுக்குப் போகட்டும், டிரம் முழுதாக நிற்கும்வரை பொறு, பிறகு மூடியைத் திற. கிளட்சை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று அவசரக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். கட்டர் பாருக்கு அடியில் போக வேண்டுமானால் அதன் முட்டுக்கட்டையைப் போட்டுப் பூட்டிய பின்தான். ஹைட்ராலிக் குழாய் ஒன்று வெடித்தால் மொத்த எடையும் கீழே இறங்கிவிடும்.

வைக்கோலைக் கொக்கியால் இழுங்கள், விரலால் அல்ல. இருவர் சேர்ந்து டிரம்மைக் கையால் சுழற்றும்போது "கை வெளியே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டே சுழற்ற வேண்டும்.

இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி சைலன்சரைச் சுற்றிச் சேர்ந்த தூசியையும் வைக்கோலையும் தட்டிவிடுங்கள். மாசி வெயிலில் வண்டி தீப்பிடிப்பது இங்கிருந்துதான். தீயணைப்பான் இருந்தாலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று எப்போதும் நிரம்பியிருக்கட்டும்.

வண்டி புதைந்தால்

உறுமவிடாதீர்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் ஒரு விரற்கடை இறங்கும். முதலில் டேங்கில் உள்ள நெல்லைத் தார்ப்பாயில் கொட்டி எடையைக் குறையுங்கள். டிராக்கின் பின்புறச் சேற்றை மண்வெட்டியால் சரிவாக வெட்டி, தென்னை மட்டையும் வைக்கோல் கட்டும் திணித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். டிராக்டர் கட்டி இழுத்தால் கயிறு நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறும் சங்கிலியும் ஆளைக் கொன்றிருக்கின்றன. வரப்பைத் தாண்டும்போது நேர்குத்தாக ஏறுங்கள், சாய்வாக ஏறினால் வண்டி கவிழும். உடைத்த வரப்பை அன்றைக்கே மண் வெட்டிப் போட்டு மிதித்துவிட்டால் அடுத்த சீசனுக்கும் அந்த வயல் உங்களுடையது.

மணிக்கணக்கு

வாடகை மணி மீட்டர் கணக்கில். மீட்டரில் புள்ளிக்குப் பின் வரும் எண் நிமிடம் அல்ல, மணியில் பத்தில் ஒரு பங்கு: ஒரு புள்ளி 6 நிமிடம். 1243.6-இல் தொடங்கி 1245.9-இல் முடிந்தால் 2.3 மணி, அதாவது 2 மணி 18 நிமிடம். 2 மணி 3 நிமிடம் என்று படித்தால் ஓனருக்கு நஷ்டம், இரண்டரை என்று படித்தால் விவசாயிக்கு நஷ்டம். தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் வயல்காரர் கண்ணெதிரே நோட்டில் எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள். எஞ்சின் ஓடினாலே மீட்டரும் ஓடும். ஆகவே ரிப்பேர் பார்க்கும்போது எஞ்சினை அணைப்பது நாணயமும்கூட. வயலுக்கு வயல் வண்டி நகர்ந்த நேரம் யார் கணக்கு என்பது முன்பே பேசியிருக்க வேண்டும்.

நெல் கொட்டும்போது

டிரெய்லரின் சந்து பொந்துகளைச் சாக்கு வைத்து அடைத்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். களத்தில் குவித்த நெல்லின்மேல் செருப்போடு ஏறாதீர்கள். வண்டியிலிருந்து விழும் நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். நேரடி கொள்முதல் நிலையத்தில் கேட்பது 17 சதவீதம், மூட்டைக்கு 40 கிலோ. ஈர நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி இரவு முழுக்க வைத்தால் சூடேறி நிறம் மாறிவிடும். புதிதாக வண்டி அறுப்புக்கு வந்தவர்களுக்கு, மெல்லிசாக விரித்துக் காயவைத்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். ரகம் மாறும் வயலுக்குப் போகும் முன் டேங்க், எலிவேட்டர் அடிமூடி இரண்டையும் திறந்து மிச்ச நெல்லைத் தள்ளிவிட வேண்டும். விதைப்பண்ணை வயலானால் இதில் சமரசமே இல்லை.

உடம்பு

சுணை அரிப்புக்குக் காலையிலேயே கழுத்து, முழங்கையில் தேங்காய் எண்ணெய். மாலையில் பம்ப்செட்டில் முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு சோப்பு. எடுத்ததும் தேய்த்தால் சுணை உள்ளே ஏறும். அன்று போட்ட சட்டையை மறுநாள் போடாதீர்கள்.

கண் விஷயம் தனி. நெல்லோ தாளோ கருவிழியில் கீறிய இடத்தில் பூஞ்சை பற்றிப் புண்ணாகும். பார்வையே போகும் அளவுக்குப் போகக்கூடிய புண் அது. கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். உறுத்தலோ சிவப்போ மறுநாளும் இருந்தால் மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் வேகமாகப் பரவும். தாய்ப்பால் விடுவது, நாக்கால் எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அறுப்பு குறுகக் குறுக எலியும் பாம்பும் நடுவில் மிஞ்சிய பயிருக்குள் ஒதுங்கும். கடைசி ரெண்டு சுற்றில் தாளுக்குள் கால் வைக்காதீர்கள். கண்ணாடி விரியன் இந்த வயல்களில் உண்டு. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது இல்லாமல் 108-ஐ அழைத்து, பாதிக்கப்பட்டவரை நடக்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். காலில் புண் இருக்கும்போது சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். அடுத்த சில நாளிலோ நாலு வாரத்துக்குள்ளோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வயல் வேலை செய்வதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரவு, இடமாற்றம், கூலி

சீசன் நெருக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஒன்பது, பத்து மணிவரை ஓடும். படுக்கை மோட்டார் ரூமிலோ களத்திலோ கோயில் மண்டபத்திலோ. வண்டிக்கு அடியில் மட்டும் படுக்காதீர்கள்.

பெல்ட் வண்டியைத் தார்ரோட்டில் ஓட்ட முடியாது, லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும். இரண்டு பலகையும் சமமாக, வழுக்காமல், டிராக் அகலத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, நீங்கள் உட்பட. டிரைவருக்கு முன்னால் தூரத்தில் நின்று கைகாட்டினால் போதும். லாரிமேல் ஏறியதும் கொட்டும் குழாயை மடக்கிக் கட்டுங்கள்.

கூலி நாள் கணக்கு, மாதச் சம்பளம், மணிக்கு பேட்டா என்று பல விதமாக இருக்கும். மழையில் வண்டி நின்ற நாளுக்குச் சம்பளமா, வெறும் சாப்பாடா? சாப்பாடு வயல்காரரா, ஓனரா? ஊருக்குப் போகப் பஸ் காசு யார்? இந்த மூன்றையும் சேரும் முன்பே கேளுங்கள். பெரிய முன்பணம் வாங்காதீர்கள். அது தீரும்வரை பிடிக்காத வண்டியைவிட்டு இறங்க முடியாது. உங்கள் நோட்டில் வேலை செய்த நாள், மணி, வாங்கிய பணம் மூன்றும் தேதிவாரியாக இருக்கட்டும். கணக்கு முடிக்கும் நாளில் டிரைவர் அண்ணன் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஓனரிடம் போங்கள்.